ஒரே தெருவில் நான்கு ரொட்டிக் கடைகள்: சைகோன் நகரத்து ‘பான் மீ’ வியாபாரம்

நம் கடைக்கு எதிரிலேயே அதே சரக்கோடு இன்னொருவர் கடை திறந்தால் என்ன செய்வது? கடை வைத்த எவருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். முதல் வாரம் நாம் விலையைக் குறைப்போம். அடுத்த வாரம் அவர் குறைப்பார். ஆறு மாதம் கழிந்ததும் இருவரும் மொத்த வியாபாரியிடம் வந்து, “அண்ணாச்சி, இந்த மாதம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். மொத்த வியாபாரத்தில் இருப்பதால் இந்த மாதிரி ஜோடிப் பாக்கிகளை நாம் ஏராளமாகப் பார்த்திருக்கிறோம். பேரேட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் இருப்பார்கள்.

வியட்நாம் நாட்டின் சைகோன் நகரில் இதற்கு மாறான ஒரு நடைமுறையைக் கண்டோம். அங்கே ‘பான் மீ’ என்று ஒரு ரொட்டிப் பண்டம் உண்டு. நம் ஊரில் டீக்கடை எப்படியோ அப்படி, தெருவுக்கு மூன்று நான்கு பேர் அதை விற்கிறார்கள். எல்லோருக்கும் சரக்கு ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒருவர் கடையை மற்றவர் சாய்க்காமல் பல்லாண்டுகளாக வியாபாரம் நடக்கிறது. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு, மைதா, எண்ணெய் வியாபாரத்தில் உள்ள இரண்டு நண்பர்களோடு நாம் அங்கே சென்று ஒரு வாரம் இருந்து வந்தோம். கோயில் குளம் பார்த்ததைவிட ரொட்டிக் கடை வாசலில் நின்ற நேரமே அதிகம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் சைவம். இறைச்சி வைத்த ரொட்டியைப் பொறுத்தவரை உடன் வந்த நண்பர்களின் நாக்கை நம்பித்தான் எழுதுகிறோம். ரொட்டி, ஊறுகாய், முட்டை, சாறு ஆகியவற்றுக்கு நம் நாக்கே சாட்சி.

பண்டத்தின் கதை

வியட்நாமிய மொழியில் ‘பான்’ என்றால் பலகாரம், ‘மீ’ என்றால் கோதுமை. பெயரில் பெரிய இரகசியம் ஏதும் இல்லை. 1859-இல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். அவர்களோடு அவர்களுடைய நீள ரொட்டியும் வந்து சேர்ந்தது. வியட்நாமில் கோதுமை விளையாது என்றே சொல்லலாம். அன்றும் கப்பலில் வந்தது, இன்றும் ஆஸ்திரேலியா முதலான நாடுகளிலிருந்து கப்பலில்தான் வருகிறது. ஆகவே ரொட்டி நெடுங்காலம் துரைமார் தின்னும் விலையுயர்ந்த பண்டமாகவே இருந்தது. ‘மேல்நாட்டுப் பலகாரம்’ என்றே உள்ளூர் மக்கள் அதைச் சொல்லி வந்தார்கள்.

அந்தக் காலத்து சைகோனில் நம்மவர்களும் இருந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து உத்தியோகத்துக்குப் போனவர்கள், வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார் என்று பலர். அவர்கள் விட்டுவந்த தண்டாயுதபாணி கோயிலும் மாரியம்மன் கோயிலும் நகரின் நடுவில் இன்றும் இருக்கின்றன. மாரியம்மன் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரே.

1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து சுமார் பத்து லட்சம் மக்கள் தெற்கே வந்தனர். அவர்களில் ஹனோயிலிருந்து வந்த ஒரு தம்பதியர் 1958-இல் சைகோனில் ‘ஹுவா மா’ என்ற பெயரில் ஒரு சிறு கடை போட்டார்கள். பிரெஞ்சுக்காரர் முறைப்படி தட்டில் ரொட்டி ஒருபுறம், இறைச்சி வகைகள் ஒருபுறம், வெண்ணெய் ஒருபுறம் என்று வைத்துக் கொடுத்தார்கள். வந்தவர்களோ கூலியாட்களும் மாணவர்களும். உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே ரொட்டியைக் குட்டையாகச் சுட்டு, வயிற்றைக் கீறி, எல்லாவற்றையும் உள்ளே அடைத்துக் கையில் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுதும் விற்கும் பான் மீயின் வடிவம் இப்படி உருவானதுதான் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். வாடிக்கையாளரின் அவசரத்தைக் கவனித்த ஒருவர் சரக்கின் வடிவத்தையே மாற்றிவிட்டார். இதைப் படிப்பவர்களில் பொட்டுக்கடலையை நூறு கிராம் பொட்டலமாக முதலில் கட்டி வைத்தவர் யாரேனும் இருந்தால் இதன் அருமை அவருக்கு விளங்கும்.

1975-க்குப் பிறகு தனியார் வியாபாரம் ஒடுங்கிப்போயிற்று. மாவு, அரிசி எல்லாம் அரசாங்கப் பங்கீட்டில்தான் கிடைத்தன. 1986-இல் ‘தோய் மொய்’ எனப்படும் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்த பிறகே தெருவோரத் தள்ளுவண்டிகள் மறுபடி தலைகாட்டின. ஆக, இன்று நாம் காணும் போட்டி பழைய பண்டத்தைக் கொண்டு நடக்கும் புதிய போட்டி.

ரொட்டி என்ற மூலச்சரக்கு

ஒரு சாண் அளவுக்கு நீளம். மேல்தோல் அப்பளம் போல மெல்லியதாக, விரலால் அழுத்தினால் நொறுங்கும். உள்ளே பஞ்சு போல, பாதிக்கு மேல் காற்று. பிரெஞ்சு ரொட்டியின் தடித்த தோலும் அழுத்தமான உட்பகுதியும் இதில் கிடையாது. அரிசி மாவு கலப்பதால்தான் இப்படி வருகிறது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். நாம் பார்த்த ரொட்டிப் பட்டறையில் அரிசி மாவு மூட்டை ஒன்றுகூட இல்லை. முழுக்க மைதாவே. பசைச் சத்து மிகுந்த மைதா, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, மாவைப் பக்குவப்படுத்தும் ஒரு பொடி, இவ்வளவுதான். மாவை நன்றாகப் பொங்கவிட்டு, மேலே ஒரு கீறல் போட்டு, நல்ல சூட்டில் நீராவி பாய்ச்சிச் சுடுகிறார்கள். நீராவி இருப்பதால் ரொட்டி முழுதாக உப்பும்வரை தோல் இறுகுவதில்லை. மெல்லிய தோலுக்குக் காரணம் அதுதான்.

இந்த ரொட்டிக்கு ஒரு குறை உண்டு. சைகோன் கடலோரம் போலவே ஈரக்காற்று வீசும் ஊர். அடுப்பிலிருந்து எடுத்த நாலைந்து மணி நேரத்தில் மேல்தோல் நமத்துவிடும். நம் ஊர் பன் இரண்டு நாள் தாங்கும். பான் மீ காலையில் சுட்டது மாலைக்கு ஆகாது. அதனால் பட்டறைகள் விடியற்காலை ஒரு சூளை, பிற்பகல் ஒரு சூளை என்று குறைந்தது இரண்டு முறை சுடுகின்றன. நேரம் தப்பினால் சரக்கு தப்பியது. போட்டி முழுவதும் இந்த நாலைந்து மணி நேரத்துக்குள் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

இதில் ஒரு வேடிக்கை. சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வரும் ரொட்டிக்காரர்கள் ஒலிப்பதிவு செய்த கூவலை ஓடவிட்டுப் போவார்கள். சைகோன் ரொட்டி, உட்பகுதி அடர்த்தி, வெண்ணெய் மணம் என்று அது முழங்கும். உள்ளே பஞ்சாக இருப்பதுதான் இந்த ரொட்டியின் பெருமை. விளம்பரமோ அடர்த்தியை விற்கிறது. விளம்பரம் எழுதுபவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலும்.

ஒரு சந்தும் நான்கு கடைகளும்

நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு ரொட்டிப் பட்டறை, இரண்டு தள்ளுவண்டிகள், ஒரு சைவ ரொட்டிக் கடை. முதல் வண்டிக்கும் இரண்டாவது வண்டிக்கும் இடையே இருபது அடி தூரம்கூட இருக்காது. விடுதியில் வேலை பார்த்த ஒரு தம்பிக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததால், மூன்று நாள் அவரையும் அழைத்துக்கொண்டு நால்வரிடமும் பேசிப் பார்த்தோம். முதலில் நம்மை வரி அதிகாரிகள் என்று சந்தேகித்தார்கள். நண்பர் பையிலிருந்த மைதா மாதிரிப் பொட்டலத்தைக் காட்டிய பிறகே வாய் திறந்தார்கள்.

முதல் வண்டிக்காரர் அறுபதைத் தாண்டிய அம்மாள். அவருடைய சரக்கு ‘சியூ மாய்’ என்ற கொத்திறைச்சி உருண்டை. தக்காளிச் சாற்றில் சிறு தீயில் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த உருண்டையை ரொட்டிக்குள் நசுக்கிச் சாறு ஊற்றித் தருகிறார். காலை ஐந்தரைக்கு வந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறார். கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் வாடிக்கை.

இரண்டாவது வண்டி ஓர் இளந்தம்பதியருடையது. ஈரலை மசித்துச் செய்யும் ‘பத்தே’ என்ற பூச்சை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். அதைத் தடவி, நீராவியில் வெந்த இறைச்சி உருளையை வில்லை வில்லையாக அடுக்கி, ஊறுகாய், வெள்ளரி, கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய் வைத்து, கடைசியில் மேகி சாறு நாலு சொட்டு. நமக்கு மேகி என்றால் நூடுல்ஸ். அவர்களுக்கு அது சோயா சாறு போன்ற ஒரு புட்டி. இறைச்சி வேண்டாதவர்களுக்கு முட்டையை அங்கேயே பொரித்து வைத்துக் கொடுக்கிறார்கள். ஆறரைக்குத் தொடங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் வரும்வரை நிற்கிறார்கள். மாலையில் மறுபடியும் வருகிறார்கள்.

சைவக் கடையில் சோயா, காளான், வறுத்த பயற்றுக் கட்டி. வியட்நாமில் பௌத்தர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் அனுசரிக்கிறார்கள். நமக்கு அமாவாசை, பௌர்ணமி போல. அந்த இரண்டு நாளும் இந்தக் கடையில் கூட்டம் சந்தை அடைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் சுமார்தான். அந்தக் கடைக்காரர் மாதச் செலவை அந்த இரண்டு நாளை வைத்தே கணக்கிடுகிறார். கிருத்திகைக்கும் ஆடி வெள்ளிக்கும் வெல்லமும் பச்சரிசியும் கூடுதலாகக் கொள்முதல் செய்கிற நமக்கு இது புதிதல்ல.

நான்காவது பட்டறை. மூவருக்கும் ரொட்டி இங்கிருந்துதான் போகிறது. பட்டறையிலும் சில்லறையாக வெறும் ரொட்டி விற்கிறார்கள், ஒன்று நாலாயிரம் டாங். ரூபாய்க்கு ஏறத்தாழ முந்நூறு டாங் என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்று ரூபாய்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மாவு ஒன்று, அடுப்பு ஒன்று. ஆனால் மூவருக்கும் போகும் ரொட்டி ஒன்றல்ல. அம்மாளுக்குச் சாறு ஊற்ற வேண்டும். தோல் மெல்லியதாக இருந்தால் ஊறிக் கிழிந்துவிடும். அதனால் அவருக்குப் போகும் ரொட்டி சற்றுக் குட்டை, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டுச் சிவந்தது. தம்பதியருக்கு நல்ல நீளம், இளம் பொன்னிறம். மாலையில் அவர்கள் கரியடுப்பில் மீண்டும் சூடுகாட்டித் தருவார்கள் என்பதால் முதலிலேயே சிவக்கவிடுவதில்லை. சைவக் கடைக்கு எண்ணிக்கை குறைவு, ஆனால் அந்த இரண்டு விரத நாட்களில் மூன்று மடங்கு. அதை நாள்காட்டியில் குறித்தே வைத்திருக்கிறார் பட்டறைக்காரர்.

“ஒருவருக்கு மட்டும் நல்ல ரொட்டி கொடுத்து மற்றவரை ஒழித்துவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? மொத்தமும் ஒருவரே வாங்கப் போகிறார்” என்று நண்பர் கேட்டார். பட்டறைக்காரர் சிரித்துவிட்டுச் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தார்: “ஒருவர் மட்டும் மிஞ்சினால் அப்புறம் விலையை நானா சொல்வேன்? அவர் சொல்வார்.” மொத்த வியாபாரி இதைவிடத் தெளிவாகப் பேசி நாம் கேட்டதில்லை. நம்மில் சிலர் பெரிய கடைக்கு ஒரு விலை, சின்னக் கடைக்கு ஒரு விலை என்று போட்டுச் சின்னக் கடைகளை ஒவ்வொன்றாக மூடவிடுகிறார்கள். பிறகு பெரிய கடைக்காரர் கம்பெனியிலேயே நேராகக் கொள்முதல் செய்யத் தொடங்கியதும் கையைப் பிசைகிறார்கள்.

வரவு செலவு முறையும் எளிது. காலையில் ரொட்டியைக் கடனாகக் கொடுத்து, மாலையில் பணம் வாங்குகிறார்கள். விற்காத ரொட்டியைத் திருப்பி எடுப்பதில்லை. அன்றாடப் பாக்கி அன்றாடமே தீர்கிறது.

சரி, எது நன்றாக இருந்தது? வெறும் ரொட்டி என்றால் விடியற்காலை பட்டறை வாசலில் நின்று வாங்கியதுதான். அதற்கு ஈடில்லை. முட்டை ரொட்டியில் தம்பதியருக்கே நம் ஓட்டு. ஊறுகாய் மட்டும் அம்மாளிடம்தான். காரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி போல நறுக்கி, வினிகரிலும் சர்க்கரையிலும் போடுகிறார். அதில் ஒரு நறுக்கென்ற பதம் இருந்தது. தம்பதியரிடம் அது கொஞ்சம் துவண்டிருந்தது. நண்பர்களில் ஒருவர் சியூ மாய்க்கும் மற்றவர் பத்தேவுக்கும் வாதாடி, விமானம் ஏறும்வரை முடிவுக்கு வரவில்லை. சைவக் கடையைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான். சோயாக் கட்டியில் உப்பு கூடுதல், அவ்வளவே சொல்லலாம். முதல் மூன்றில் ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். அம்மாளிடம் வாங்குகிறவருக்கு எதிர்வண்டி ஆயிரம் டாங் குறைத்துக் கொடுத்தாலும் சியூ மாய் கிடைக்காது. மூவருமே ரொட்டியை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். ஆனால் தன் பெயர் நிற்கும் அந்த ஒரு பொருளை மூவரும் தன் கையாலேயே செய்கிறார்கள்.

பெயர்பெற்ற கடைகள்

சந்தை விட்டுப் பெரிய தெருவுக்கு வந்தால் பெயர்பெற்ற கடைகள் இருக்கின்றன. மேலே சொன்ன ஹுவா மா 1960-இல் காவ் தாங் தெருவுக்கு மாறி, இன்றும் அங்கேயே நடக்கிறது. காலையில் மட்டுமே வியாபாரம். சிறு வாணலியில் முட்டையையும் இறைச்சி வகைகளையும் பொரித்து அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள், ரொட்டி தனியாக. பக்கத்துச் சந்தில் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறது ஜனம். கையில் எடுத்துப் போகும் ரொட்டிக்குப் பெயர்பெற்ற கடையே இன்று உட்கார்ந்து சாப்பிடும் வாணலிக்குப் பெயர்போனதாக இருப்பது விசித்திரம்தான்.

1968 முதல் நடக்கும் ‘ஞூ லான்’ இன்னொரு வகை. சொந்த அடுப்பு, சொந்த இறைச்சித் தயாரிப்பு, கேக், பண்டிகைக் கால நிலாப் பணியாரம் என்று எல்லாம் ஒரே கூரையில். பான் மீ அங்கே பல சரக்கில் ஒன்று.

‘ஹுயின் ஹுவா’ கடையின் பாணியே வேறு. ரொட்டி மூட முடியாத அளவுக்கு இறைச்சி வில்லைகளும் பத்தேவும் வெண்ணெய்ப் பூச்சும். கையில் எடுத்தாலே கனம் தெரியும். தள்ளுவண்டியில் பதினையாயிரம் முதல் இருபத்தையாயிரம் டாங்குக்குக் கிடைக்கும்போது, இங்கே அறுபதாயிரத்துக்கு மேல், அதாவது இருநூறு ரூபாய்க்கு மேல். ஆனாலும் வாசலில் வரிசை. வாங்குகிறவர்களில் பலர் ஒன்றை வாங்கி இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நம் நண்பர்கள் அதில் முக்கால்வாசியைத் தின்று முடிக்கவே திணறினார்கள். “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொட்டி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது” என்றார் மைதா நண்பர். அவருக்கு அவர் சரக்கின் கவலை. நம் கருத்தும் அதுதான். அப்பளம் போன்ற அந்தத் தோலுக்கு இவ்வளவு பாரம் தகாது. ஆனால் ஒன்று, விலையை மூன்று மடங்காக்கி அதற்கேற்ப நிறையைக் கண்ணுக்குத் தெரியும்படி கொடுத்து ஒருவர் நிற்க முடிகிறது. விலையைக் குறைத்தால்தான் கூட்டம் வரும் என்பவர்கள் அந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

ஹோய் ஆன் செய்தி

நாட்டின் நடுப்பகுதியில் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே ‘ஃபுவோங்’, ‘மேடம் கான்’ என்ற இரண்டு பான் மீ கடைகளில் எது சிறந்தது என்பது பயணிகளுக்குள் ஓயாத வழக்கு. 2009-இல் ஆண்டனி போர்டெய்ன் என்ற அமெரிக்க சமையற்கலைஞர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபுவோங் கடையைப் புகழ்ந்தார். அன்றிலிருந்து உலகம் முழுதும் அதற்குப் பெயர்.

2023 செப்டம்பரில் அதே கடையில் ரொட்டி சாப்பிட்ட முந்நூறுக்கும் மேற்பட்டோர் வாந்தி, பேதி, காய்ச்சலில் விழுந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளும் அதில் உண்டு. சோதனையில் சால்மொனெல்லா என்ற கிருமி தென்பட்டது. அதிகாரிகள் அபராதம் விதித்து, கடையை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2024 ஏப்ரல் கடைசியில், சைகோனுக்குக் கிழக்கே லாங் கான் என்ற ஊரில் ஒரு சிறு பான் மீ கடையால் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கடும் வெயில் காலம் அது.

எதனால் இப்படி? ரொட்டியினால் அல்ல. அடுப்பின் சூட்டில் சால்மொனெல்லா பிழைக்காது. வெந்த இறைச்சி, ஈரல் பூச்சு, பச்சை முட்டையில் அடித்த வெண்ணெய்ப் பூச்சு ஆகியவை கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலில் மணிக்கணக்காக இருக்கின்றன. பச்சை இறைச்சி தொட்ட கத்தியும் கையும் வெந்ததைத் தொடுகின்றன. பச்சை முட்டையில் கிருமி இருந்தால் முப்பத்தைந்து டிகிரி வெப்பத்தில் அது பெருக இரண்டு மூன்று மணி நேரமே போதும். மாலை வாடிக்கையாளரை நோக்கிக் காலையிலேயே செய்து வைக்கும் சிக்கனம் இங்கே முதலுக்கே மோசமாகிவிடுகிறது.

இது தூரதேசச் செய்தி என்று நம் வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை விற்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. அதே பண்டம், அதே காரணம். நம்மிடம் மயோனைஸ் வாங்கிச் செல்லும் உணவகக்காரர்களுக்குப் புட்டியில் அச்சிட்ட சேர்மானத்தைக் காட்டிக் கொடுப்பது மளிகைக்காரர் பொறுப்பு. திறந்த புட்டி குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தில் பார்த்த தம்பதியர் வெண்ணெய்ப் பூச்சைக் காலைக்கு ஒரு கிண்ணம், மாலைக்கு ஒரு கிண்ணம் என்று தனித்தனியாக அடித்து, ஐஸ் நிரப்பிய டப்பாவில் வைத்திருந்தார்கள். மிஞ்சியதைக் கணவர் நம் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசு அல்லவா!

போட்டியாளருக்குச் செய்முறை

2020 பிப்ரவரியில் கொரோனா காரணமாகச் சீன எல்லை அடைபட்டு, வியட்நாம் விவசாயிகளின் டிராகன் பழம் லாரி லாரியாகத் தேங்கியது. சைகோனில் ஏ.பி.சி. பேக்கரி என்ற பெரிய நிறுவனத்தை நடத்தும் காவ் சியூ லுக் என்பவர், தண்ணீருக்குப் பதில் அந்தப் பழச் சதையை மாவில் பிசைந்து இளஞ்சிவப்பு ரொட்டி செய்தார். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அவர் செய்முறையைப் பூட்டி வைக்கவில்லை. மற்ற பேக்கரிக்காரர்களுக்கும் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார். பழம் அழுகும் வேகத்துக்கு ஒரு பேக்கரியால் ஈடுகொடுக்க முடியாது. ஊர் முழுவதும் சுட்டால்தான் முடியும். அப்போது சந்துப் பட்டறையும் அந்த ரொட்டியைச் சுட்டதாம். “பிசுபிசுவென்று ஒட்டும், ஆனால் நல்ல நிறம்” என்றார் பட்டறைக்காரர்.

விற்காத ரொட்டி என்ன ஆகிறது என்று கடைசியாகக் கேட்டோம். திருப்பி எடுப்பதில்லை என்றுதான் முன்பே பார்த்தோமே. அம்மாளிடம் மிஞ்சுவதே இல்லை. ஐந்து ரொட்டி குறைவாகவே வாங்குவது அவர் வழக்கம். தம்பதியர் மறுநாள் அதை வில்லை போட்டு ஆவியில் வேகவைத்து, மேலே வெங்காயத்தாள் எண்ணெயும் வேர்க்கடலைப் பொடியும் தூவி ‘பான் மீ ஹாப்’ என்று விற்கிறார்கள். புது ரொட்டிக்கு வராத சில பேர் இதற்கென்றே வருகிறார்களாம். சைவக் கடையில் பழைய ரொட்டியைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்து, கனிந்த வாழைப்பழத்தோடு சேர்த்துச் சுட்டு ஒரு பலகாரம் செய்கிறார்கள். சோயாக் கட்டியில் கண்ட குறையை இந்தப் பலகாரம் ஈடுகட்டிவிட்டது. நாம் இரண்டு துண்டு வாங்கினோம். மூன்றாவது துண்டைக் கடைக்காரர் கொசுறாகக் கொடுத்தார்.